ஹட்டன் குளிரிலும் கொதித்த கேமிங் லெப்டொப்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

"ஹட்டன்ல இருந்துக்கிட்டு லெப்டொப் சூடாகுதுன்னா, கொழும்புல இருக்கிற நாங்க என்னண்ணே சொல்றது?" நண்பர்கள் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போன கேள்வி இது. இதற்குப் பதில் இருக்கிறது. மலையகத்தில் இப்படியான மெஷின் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2020இல் வந்த மொடல். இன்டெல் கோர் ஐ7-10750எச் புரொசசர், ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராபிக்ஸ். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் தம்பியோடு கேம். முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பேன் இரைச்சல் அடுத்த அறைவரை கேட்கும். படம் திக்கித் திக்கி நகரும். கீபோர்டுக்கு மேலே உள்ள பகுதியில் விரல் வைக்க முடியாது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் புரொசசர் 97, 98 பாகை செல்சியஸில் நிற்கும். இந்தப் புரொசசரின் எல்லை 100 பாகை. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கியது அதனால்தான்.

ஊர்க்குளிர் ஏன் கைகொடுக்கவில்லை? இந்தப் புரொசசரின் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானே வேகத்தைக் கூட்டும் வசதியில், 5.0 வரை ஏறும். மின்சார வரம்பும் சூடும் இடம் கொடுக்கும்வரை அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். அறை குளிராக இருந்தால் மிச்சமாகும் பாகைகளை இன்னும் கொஞ்சம் வேகத்துக்குச் செலவழித்துவிட்டு, பழையபடி அதே சூட்டுக்கு வந்து நிற்கும். இன்னொன்று, ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. பேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே தள்ளும் வெப்பம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குளிரின் நன்மை இதைவிடப் பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் காற்றுப் போகும் வழியே அடைத்திருந்தால் எந்தக் குளிரும் உதவாது.

அடைத்துத்தான் இருந்தது. டவுனில் ரிப்பேர் செய்யும் தம்பி கீழ்மூடியைக் கழற்றி, இரண்டு பேன்களையும் தூக்கி எடுத்தார். பேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, விரல் நீளத்துக்கு, பழைய கம்பளியை வெட்டிச் செருகியது போல ஒரு பட்டை. பழுப்பு நிறம், தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் விறகுப் புகை வாசம். "இது வெறும் தூசி இல்லண்ணே, அடுப்புப் புகையும் சேர்ந்து ஒட்டியிருக்கு. புளோவர் வச்சு ஊதினா போகாது" என்றார். எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். குளிருக்கு ஜன்னலையும் அடைத்துவிடுவோம், புகை முழுவதும் உள்ளேதான் சுற்றும். தோட்டப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதே நிலைமைதான். எனவே வெளியிலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்வதை நம்ப வேண்டாம். கழற்றித்தான் எடுக்க வேண்டும். பட்டையைக் குறட்டால் இழுத்தெடுத்து, மிச்சத்தை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தார். காற்றடிக்கும்போது பேன் இறக்கையைச் சுற்ற விடாமல் விரலால் பிடித்துக்கொண்டார். அதை எல்லோரும் கவனிக்க வேண்டும், கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

சிப்பின் சூட்டை மேலேயுள்ள உலோகத்துக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ட், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிக் காய்ந்து கிடந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பேஸ்ட் இப்படி வெளியே தள்ளப்படுவது லெப்டொப்களில் சாதாரணம். அதற்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் போட்டோம். ஏறத்தாழ 45 பாகையில் இளகி இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும், பேஸ்ட் மாதிரிச் சீக்கிரம் ஒதுங்காது. நான் செலவழித்ததில் மிகப் பிரயோசனமானது இதுதான். பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடச் சொன்னவர்களும் உண்டு. அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒழுகினால் போர்டே ஷோர்ட் ஆகும். பஸ்ஸிலும் வேனிலும் மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டு போகும் லெப்டொப்புக்கு அதை நான் போட மாட்டேன்.

இதன் பிறகு அதே கேமில் 84, 86 பாகை. இன்னும் சூட்டைக் குறைக்க அண்டர்வோல்ட், அதாவது புரொசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது, பற்றியும் பேசினோம். 2019 இறுதியில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்ததும், பல லெப்டொப்களில் பயோஸ் (லெப்டொப்பின் அடிப்படை மென்பொருள்) வழியாக அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். என்னுடையதிலும் பூட்டு. அதனால் விண்டோஸ் பவர் ஒப்ஷனில் புரொசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினேன், டர்போ நின்றுவிட்டது. கேமுக்கு அது தாராளம், 70 பாகை சொச்சத்திலேயே ஓடுகிறது. எடிட்டிங் முடித்து வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போது மட்டும் 100க்கு மாற்றுவேன், இல்லாவிட்டால் நேரம் இழுக்கும். பிரேம் ரேட்டை நொடிக்கு 60 படத்தில் நிறுத்துவதும் நல்ல பலன் தரும். கூலிங் பேட் எனக்குப் பெரிதாக உதவவில்லை, பின்பக்கம் இரண்டு மரக்கட்டை வைத்து உயர்த்தியதே போதுமாக இருந்தது.

பெட்டரி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2022இல் கரண்ட் வெட்டு மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை போனது. கரண்ட் இருக்கும்போதெல்லாம் 100க்குச் சார்ஜ் ஏற்றி வைப்பதே பழக்கமானது. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லிதியம் பெட்டரி தாங்காது. டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பியதைப் பார்த்துத்தான் உள்ளே உப்பியிருப்பது தெரிந்தது. உப்பிய பெட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். உடனே கழற்றி மாற்றினோம். புதியதற்கு 80 சதவீத வரம்பு வைத்திருக்கிறேன்.

நுவரெலியாப் பக்கம் விடியற்காலைக் கல்யாணங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இரவெல்லாம் வேனில் குளிர்ந்து கிடந்த லெப்டொப்பை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனால் மூடியில் நீர் படியும், உள்ளேயும் படியலாம். பேக்கை விட்டு எடுக்காமல் அரை மணித்தியாலம் வைத்திருந்து, பிறகு ஓன் பண்ணுங்கள்.

இப்போது இடது பேன் லேசாகக் கிறீச்சிடத் தொடங்கியிருக்கிறது. சோடியாகக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றும்போது புகைப்பட்டை மறுபடி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.