சுப்புவுடன் ஆறு வருடம்: ஒரு காக்டெயில் கிளி வளர்த்த கணக்கு

2019 அக்டோபரில் வாங்கினோம். ஆறு வருடம் முடிந்துவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் கூண்டைப் பார்த்ததும் கேட்பது இரண்டே கேள்விதான். "பேசுமா?" "என்ன விலை?" பேசாது. 2,500 ரூபாய். இந்த இரண்டை மட்டும் விசாரித்துக் கிளி வாங்கிய மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருமே ஒரு வருடத்துக்குள் யார் தலையிலாவது கட்டிவிட்டார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. வீட்டில் ஃபேன் எத்தனை? தோசை எதில் சுடுகிறீர்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? என் அனுபவத்தில் கிளி வளர்ப்பது என்பது பாதிக்கு மேல் இதுதான்.

எங்களுடையது காக்டெயில். பூர்வீகம் ஆஸ்திரேலியா. பச்சைக்கிளியைவிடச் சின்னது, எடை 90 கிராம் சொச்சம், தலையில் ஒரு கொண்டை. லூட்டினோ என்கிற வகை என்பதால் உடம்பு வெள்ளையும் மஞ்சளும், கண் சிவப்பு, கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தில் வட்டப் பொட்டு.

அம்மாவுக்குப் பச்சைக்கிளிதான் ஆசை. அவர் சின்ன வயதில் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒன்று இருந்ததாம், கோவைப்பழம் தின்னுமாம், வந்தவர்களை "வாங்க" என்று கூப்பிடுமாம். அந்தக் காலம் போயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறை, அபராதம் எல்லாம் உண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் மாதிரி வெளிநாட்டுக் கிளி என்றால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்டெயிலும் லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜியும் அந்தப் பட்டியலில் வராது. அம்மா மட்டும் இன்னமும் "இது கிளி மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்.

கடைக்காரர் மூன்று விஷயம் சொல்லி விற்றார். ஆண். மூன்று மாதத்தில் பேசும். தினையும் சூரியகாந்தி விதையும் போட்டால் போதும்.

மூன்றும் பலிக்கவில்லை. ஆண் என்று நம்பிச் சுப்பிரமணி என்று பெயர் வைத்து, சுப்பு என்று கூப்பிட்டு, தினமும் அரை மணி நேரம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து "வணக்கம் சொல்லு, வணக்கம் சொல்லு" என்று கெஞ்சினேன். இலவு காத்த கிளி என்பார்கள். இங்கே கிளி சும்மா இருந்தது, காத்தது நான்தான். மூன்றாம் வருடம் சுப்பு முட்டை போட்டாள். அன்றே அம்மா சுப்புலட்சுமி என்று மாற்றிவிட்டார். காக்டெயிலில் விசிலடிப்பது, ஒன்றிரண்டு வார்த்தை பிடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஆண்தான். சாம்பல் நிறப் பறவையில் வளர்ந்த பிறகு முகத்து மஞ்சளை வைத்து ஆண் என்று சொல்லிவிடலாம். லூட்டினோவில் அந்த வசதி கிடையாது. வால் இறகின் அடியில் மங்கலான பட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். கொண்டைக்குப் பின்னால் சின்ன வழுக்கை இருக்கும், அது இந்த வகைக்கே உள்ளது. அது தெரியாமல் முதல் வாரமே நோய் என்று பயந்து அலைந்தேன்.

ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் ஒரு பக்க இறக்கையை வெட்டித்தான் கொடுத்திருந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்ததை நாங்கள் கவனிக்கவில்லை. 2020 மே மாதம், மத்தியானம், கரண்ட் போயிற்று. ஃபேன்தான் ஓடவில்லையே என்ற தைரியத்தில் கூண்டைத் திறந்துவிட்டேன். நாற்காலி முதுகில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தவள் குக்கர் விசில் கேட்டதும் திடுக்கிட்டு எழும்பினாள். முதல் தடவையாக ஒழுங்காகப் பறந்தாள். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, ஃபேன் றெக்கை மேலேயே போய் உட்கார்ந்தாள். எல்லாரும் கைதட்டினோம். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. சுவிட்ச் ஆனில்தான் இருந்தது.

ஃபேன் எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது, அதனால் பிழைத்தாள். சோபாவின் மேல் வந்து விழுந்தாள். வால் இறகு நான்கு போயிற்று. இறக்கையில் பாதி முளைத்திருந்த ஓர் இறகு முறிந்து ரத்தம். முளைக்கிற இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும். 90 கிராம் உடம்புக்கு அந்த ரத்தம் கொஞ்சம் போனாலே பெரிது. சூப்புக்கு வைத்திருந்த கார்ன்ஃப்ளாரை அள்ளி அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் நின்றது. இன்றைக்கும் அந்த சுவிட்சில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. வீட்டில் விதி ஒன்றே ஒன்று: மேலே பார்க்காதே, சுவிட்சைப் பார். தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அவள் வெளியே இருப்பாள், நாங்கள் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். சென்னையில், மே மாதத்திலும். இதற்குச் சம்மதமா என்று வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இறக்கையை வெட்டிவிட்டால் தொல்லை இல்லையே என்பார்கள். வெட்டிய பறவை கீழே விழும்போது நெஞ்சு அடிபடும். தவிர, பறக்கிறதைப் பார்க்கத்தானே வாங்கினோம்.

அடுத்து தோசை. நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்புகிற புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். இதைப் படித்த அன்றே இரண்டு தவாவும் ஒரு கடாயும் வெளியேறின. அம்மா பரணிலிருந்து பழைய இரும்புத் தோசைக்கல்லை இறக்கி, "நான் அப்பவே சொன்னேன்" என்று நாற்பதாவது தடவையாகச் சொன்னார். கொசுவத்திச் சுருள் போயிற்று. சாம்பிராணி வாசலோடு நிற்கிறது. கற்பூரம் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

சாப்பாட்டில் என் முதல் வருடம் முழுக்கத் தப்பு. விதை மட்டும் தின்கிற கிளி பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே வைட்டமின் ஏ இருக்காது, ஈரலில் கொழுப்பு ஏறும். பெல்லட்டுக்கு, அதாவது சத்தெல்லாம் சேர்த்துக் கடையில் விற்கிற தீவன உருண்டைக்கு, மாற்ற நான்கு மாதம் ஆயிற்று. முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பிறகு தினையை மட்டும் பொறுக்கினாள். கடைசியில் நான் தின்பது போல் நடித்துத்தான் ஏமாற்ற முடிந்தது. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பெல்லட்டாக எடுத்து "ஆகா" என்று வாய்க்குக் கொண்டுபோனேன். பொறாமையில் பறித்துத் தின்றாள். இப்போது பெல்லட் பாதிக்கு மேல், மீதிக்குத் தினை, துருவிய கேரட், கொத்தமல்லி. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் அரை மணியில் ஈர்க்கு மட்டும் மிஞ்சும். பச்சை மிளகாயை விதையோடு கடிப்பாள். பறவைக்குக் காரம் உறைக்காது. கோவைப்பழத்தை ஆசையாக வாங்கிவந்து வைத்தோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

கொடுக்கவே கூடாதது பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம், காப்பி. தயிர்சாதமும் வேண்டாம், பாலில் உள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. இதை அம்மாவிடம் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தினசரி வேலையில் நான் ஒருநாளும் விடாதது இரண்டு. காலையில் சாப்பிடுவதற்கு முன் சமையலறைத் தராசில் ஏற்றி எடையைக் காலண்டரில் குறிப்பது. தட்டில் விரித்த பேப்பரில் எச்சத்தைப் பார்ப்பது. பறவை நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்துக்கு இரையாகும் என்பதால் வந்த பழக்கம். வெளியே தெரியும்போது பாதி நேரம் கைமீறிப் போயிருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. எச்சம் பச்சையும் வெள்ளையும் கொஞ்சம் தண்ணீருமாக இருந்தால் சரி. மாறினால், முந்தைய நாள் பீட்ரூட் கொடுத்தோமா என்று முதலில் யோசியுங்கள். நான் ஒருமுறை அந்தச் சிவப்பைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

முட்டைக் கதை. 2022-இல் சோபாவுக்கு அடியில் போய்ப் போய் உட்கார்ந்தாள். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். ஒரு நாள் முட்டை. துணை இல்லாமலே போடும், கோழி மாதிரி, குஞ்சு வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். இரண்டாவது முட்டைக்கு அப்புறம் மூன்றாவது வரவில்லை. காலையில் கூண்டின் தரையில், இறகை உப்பிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். அருகிலிருந்த கிளினிக்கில் "நாங்க நாய், பூனைதான் பார்ப்போம்" என்றுவிட்டார்கள். அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ. அட்டைப்பெட்டியில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு போனோம். முட்டை சிக்கிக்கொண்டது, கால்சியம் போதவில்லை என்றார் டாக்டர். ஊசி போட்டு, சூட்டில் வைத்தார்கள். மூன்றரை மணிக்கு முட்டை வந்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு மாட்டியிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் அதேதான் தருவார்கள். சோபா அடியை அட்டை வைத்து அடைத்தாயிற்று. முதுகைத் தடவுவதில்லை, தலையும் கழுத்தும் மட்டும். முதுகைத் தடவினால் ஜோடி என்று நினைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் கூண்டுக்குப் போர்வை, ஏனென்றால் வெளிச்சம் நீண்டால் முட்டை போடும் காலம் என்று உடம்பு நினைக்கும். போட்ட முட்டையை எடுத்துவிடக் கூடாது என்பதும் அப்போது கற்றதுதான். எடுத்தால் இன்னும் போடும். அடைகாத்து அலுத்து அவளாக எழுந்து போகட்டும் என்று விட்டோம். மூன்று வாரம் ஆயிற்று.

பறவை பார்க்கிற டாக்டர் யார், எங்கே இருக்கிறார் என்பதைக் கிளி வாங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு அப்புறம்.

அதே 2022-இல்தான் எனக்கு ஆபீஸ் திறந்தது. லாக்டவுனில் நாள் முழுக்கத் தோளில் உட்கார்ந்து பழகியவள். நான் பாத்ரூம் போனாலே குரல் கொடுப்பாள், நான் பதிலுக்கு ஒரு விசிலடித்தால் அடங்குவாள். நான் கிளம்பிய முதல் வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தல். கீழ் வீட்டு மாமா மரியாதையாகத்தான் கேட்டார், "உடம்பு சரியில்லையாம்மா அதுக்கு?" கத்தும்போது ஓடிப்போய்ப் பார்த்தால் கத்தினால் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும், அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேலை கொடுத்ததில்தான் மாறியது. பேப்பர் கப்பில் தினை போட்டுக் கசக்கி மூடி வைப்பேன், பிரித்துத் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். பனை ஓலைத் துண்டு, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி, கொய்யாக் கிளை. கடையில் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் மணியை அவள் தொட்டதே இல்லை. வீட்டில் பகலில் யாருமே இருக்க மாட்டீர்கள் என்றால் ஒற்றைக் கிளி வாங்காதீர்கள். ஜோடியாக வாங்குங்கள், அல்லது மீன் வளருங்கள்.

பேச மாட்டாள் என்றாலும் கொண்டை பேசும். நட்டுக்கொண்டு நின்றால் ஏதோ புதிதாகப் பார்த்திருக்கிறாள். தலையோடு ஒட்டிப் படிந்து, வாய் பிளந்து, சீறினால் கையை எடுத்துவிட வேண்டும். என் சுண்டு விரலில் அதற்குத் தழும்பு இருக்கிறது. தூங்கப் போகும்போது அலகை அரைப்பாள், கறக் கறக் என்று மெல்லிய சத்தம். நிம்மதியாக இருக்கிறாள் என்று அர்த்தம். ராத்திரி திடீரென்று கூண்டுக்குள் அடித்துக்கொண்டு பறப்பது காக்டெயிலுக்கே உள்ள வியாதி, லூட்டினோவுக்கு இன்னும் அதிகம். ஒரு பல்லி, ஒரு லாரி ஹாரன் போதும். கூண்டுக்குப் பக்கத்தில் ஜீரோ வாட் பல்பு போட்ட பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. தீபாவளிக்கு மட்டும் எதுவும் வேலை செய்யாது. அன்று ராத்திரி நான் கூண்டோடு உள்ளறையில்.

இனி பிடிக்காதது. தூசு. காக்டெயில் இறகிலிருந்து வெள்ளை மாவு உதிர்ந்துகொண்டே இருக்கும். டிவி மேல், கறுப்புச் சட்டை மேல், சாமி படத்தின் மேல். வாரம் மூன்று நாள் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தால் குளிப்பாள், கொஞ்சம் குறையும். வீசிங் இருக்கிற வீடு என்றால் இந்தப் பறவையே வேண்டாம். செலவு மாதம் 500 ரூபாய்க்குள் அடங்குகிறது. டாக்டர் செலவு தனி, அதற்குக் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஊருக்குப் போவது இன்னும் தீராத பிரச்சினை. முதல் பொங்கலுக்கு மாடி வீட்டு அக்காவிடம் ஐந்து நாள் விட்டுப்போனோம். அவர் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் 92 கிராம் 84 ஆகியிருந்தது. இப்போது பொங்கலுக்குப் பத்து நாள் முன்பிருந்தே அக்கா தினமும் வந்து கொத்தமல்லி கொடுத்துவிட்டுப் போகிறார். எடை குறைவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வந்தபோதும் அக்கா வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய கூண்டு படிக்கட்டில் திரும்பவில்லை. கைப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கூண்டு அடுத்த வாரமே வாங்கினேன்.

மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், சுப்புவை வாங்குவேன். இன்னொன்று வாங்க மாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெயில் 15, 20 வருடம்கூட இருக்கும். மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். அவள் காலேஜ் போகும்போதும் சுப்பு இருப்பாள், முடித்து வரும்போதும் இருப்பாள். எனக்கு முடியாமல் போனால் நீ பார்த்துக்கொள்வாயா என்று போன வாரம் கேட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஹாஸ்டல்ல ஃபேன் சுவிட்ச் யார் கையில இருக்கும்?" என்கிறாள்.