கீமுன் மூக்குக்கு, தியென்ஹோங் நாக்குக்கு

சீனத் தேயிலை வாங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கீமுன் வாங்கலாமா, தியென்ஹோங் வாங்கலாமா? இரண்டும் நாம் டீ போடும் அதே கருந்தேயிலை வகைதான், ஆனால் தூள் இல்லை, இலை. இரண்டையும் பால் இல்லாமல்தான் குடித்துப் பார்க்க வேண்டும். மற்றபடி குணத்தில் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

கீமுன் விளைவது ஆன்ஹுயி மாகாணத்தின் சீமென் வட்டாரத்தில். ஊர்ப்பெயர்தான் வெளிநாட்டு வணிகத்தில் கீமுன் என்று திரிந்தது. பச்சைத் தேயிலைக்குப் பேர்போன அந்த ஊரில் 1875 வாக்கில்தான் கருந்தேயிலை செய்யத் தொடங்கினார்கள். தியென்ஹோங் அதைவிட இளையது. தென்மேற்கில் யுன்னான் மாகாணத்துச் சரக்கு. ஜப்பானியப் போரில் கிழக்குத் தேயிலை வட்டாரங்கள் முடங்கியதால், ஃபெங் ஷாவோச்சியு என்ற தேயிலை வல்லுநர் 1938இல் ஃபெங்சிங்குக்குப் போய்ச் செய்து பார்த்தது அது. அவர் அதற்கு முன் வேலை பார்த்தது சீமெனில். கீமுன் செய்து பழகிய கைதான் தியென்ஹோங்கையும் செய்தது.

அப்படியிருந்தும் சுவை ஏன் இவ்வளவு மாறுகிறது? செடிதான் காரணம். சீமெனில் இருப்பது சின்ன இலைச் சீனச் செடி. யுன்னானில் இருப்பது அஸ்ஸாம் செடியின் இனத்தைச் சேர்ந்த பெரிய இலை. சாறும் அதிகம், துவர்ப்பும் அதிகம். அதனால் அஸ்ஸாம் டீ குடித்துப் பழகிய நாக்குக்குத் தியென்ஹோங் அந்நியமாகவே இருக்காது.

உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். கீமுன் இலை புருவ மயிர்போல மெல்லியது, கருப்பில் லேசான சாம்பல் பளபளப்பு. தியென்ஹோங் பருமனாக முறுக்கியிருக்கும், நடுநடுவே பொன்னிறத் துளிர்கள் மின்னும். அந்தப் பொன்னிறம் துளிரின் மேலுள்ள மெல்லிய ரோமத்தின் நிறம், சாயம் அல்ல.

சரி, போடும் முறைக்கு வருவோம். பலர் தவறுவது இங்கேதான். நாம் டீ போடுவதுபோல அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் இரண்டுமே வீண். 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை போதும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் ஆறவிட்டு, இலைமேல் ஊற்றி மூடிவிடுங்கள். தியென்ஹோங்குக்கு மூன்று, நான்கு நிமிடம். துளிர் மிகுந்த சரக்கென்றால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆறியிருக்கட்டும், 85, 90 டிகிரி போதும்.

கீமுனுக்கு நான் இரண்டரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அது கசந்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. ஊற ஊறச் சாயம் ஏறி, வாசம் அடியில் போய்விடுகிறது. கீமுனின் உயிரே அந்த வாசம்தான்: முதலில் ரோஜா மாதிரி ஒன்று, அப்புறம் கோகோ, கடைசியில் எங்கோ தூரத்தில் விறகு எரிவதுபோல ஒரு மெல்லிய புகை. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இந்த இலையிலும் நிறைய உண்டு. மூடியைத் திறந்ததும் முதலில் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். கோப்பையில் இருப்பதைவிட அங்கேதான் வாசம் தெளிவாக நிற்கும். அம்மாவுக்கு ஒருமுறை ஊற்றிக் கொடுத்தேன். “தண்ணியாத்தான் இருக்கு, ஆனா வாசம் போகவே மாட்டேங்குதே” என்று காலி டம்ளரைக் கீழே வைக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தார். கீமுனைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தியென்ஹோங் வேறு மாதிரி. தேனும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கலந்த இனிப்பு, முடிவில் ஒரு பொடி மிளகுக் காரம். வாய் நிறைய நிற்கும். நல்ல சரக்கை ஆறவிட்டால் தெளிந்த சாறு கலங்கிப் பால் நிறத்துக்குத் திரும்பும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். தேநீரின் காஃபினும் செந்நிறப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலங்கல் அது. சாறு செறிவானது என்பதற்கு அடையாளம். சூடாக்கினால் மறுபடி தெளியும்.

சிறிய மூடிக் கிண்ணத்தில் 5 கிராம் போட்டு, பத்துப் பதினைந்து வினாடிகளில் வடித்து வடித்துக் குடிப்பதென்றால் தியென்ஹோங்தான் மேல். ஆறேழு முறை தாங்கும். கீமுன் நான்காவதிலேயே களைத்துவிடும்.

பால்? தியென்ஹோங் கொஞ்சம் தாங்கும். கீமுனும் ‘இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்’ போன்ற தேயிலைக் கலவைகளில் சேர்ந்து பால் கண்டதுதான், ஆனாலும் நல்ல கீமுனில் பால் ஊற்ற எனக்குக் கை வராது.

முதல்முறை வாங்குபவருக்கு நான் தியென்ஹோங்கைத்தான் சொல்வேன். நிமிடக் கணக்கு தவறினாலும் பொறுத்துக்கொள்ளும், நடுத்தர விலைச் சரக்கே நன்றாக இருக்கும். கீமுனில் மலிவான சரக்கு வெறும் புகையும் துவர்ப்புமாக ஏமாற்றிவிடும். அதை வாங்குவதென்றால் 50 கிராம் போதும், கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள். எனக்கென்று கேட்டால், சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்து தனியாக உட்காரும்போது என் கை போவது கீமுன் டப்பாவுக்குத்தான்.