கிராம சபைக்குப் போகலாமா? ஏழு வருடமாகப் போகிறவன் சொல்கிறேன்

பக்கத்துத் தெருவில் புதிதாக வீடு கட்டி வந்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, கிராம சபைன்னு நோட்டீஸ் ஒட்டுறாங்களே, போனா ஏதாச்சும் நடக்குமா? இல்ல டீயும் மிக்சரும்தானா?" கேட்ட நேரம் சரியில்லை. என் வீட்டு வாசலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. அன்றைக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோபம் வடிந்துவிட்டது, தண்ணீர் பாதிதான் வடிந்திருக்கிறது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

மதுரை தெற்குவாசலில் வாடகைக்கு இருந்த நாங்கள் 2018இல் இங்கே வந்தோம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து முக்கால் மணி நேரம். ஊராட்சியின் பெயர் வேண்டாம். நாளைக்கும் அதே ஆட்களிடம்தான் வீட்டு வரி ரசீது வாங்கப் போக வேண்டும். வந்த புதிதில், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் அரசு போட்ட தனி அலுவலர் ஊராட்சியைப் பார்த்த காலம். 2020 ஜனவரியில் தலைவர் வந்தார், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர் வந்தார். மூன்று காலத்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினக் கூட்டங்களைப் பற்றிப் பேசவில்லை. என் வழக்கு மழைக் காலத்துக் கூட்டங்களோடு: புரட்டாசிப் பாதியில் அக்டோபர் 2, ஐப்பசிப் பாதியில் நவம்பர் 1.

முதலில், வந்தவர்கள் கையெழுத்தும் தீர்மானங்களும் ஏறும் அந்த நோட்டு. மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அந்த நோட்டை மட்டும் ஏழு வருடமாக என்னால் பொறுக்க முடியவில்லை. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை ஜனத்தொகை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். எங்கள் பந்தலில் எண்பது தலை தெரிந்தால் அது திருவிழா. ஆனால் நோட்டில் எப்போதும் இருநூற்றுச் சொச்சம். நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களிடம் ஒரு சுற்று, டீக்கடையில் ஒரு சுற்று. அது கூடப் போகட்டும். கையெழுத்து வாங்குவது கூட்டத்தின் தொடக்கத்தில். தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்கள் அப்போது வெள்ளையாக இருக்கும்.

2021இல் ஒரு முறை, "தீர்மானத்தை எழுதுங்க, அப்புறம் போடுறேன்" என்று மறுத்தேன். செயலர், "எல்லாரும் போட்டுட்டாங்க சார், நீங்க மட்டும் ஏன்?" என்றார். பக்கத்தில் இருந்த அப்பத்தா ஒருவர் என் முழங்கையை இடித்தார். "போட்டுட்டு உக்காருப்பா, டீ ஆறுது." போட்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து என் சிறுபாலம். கண்மாயின் மறுகால் ஓடை எங்கள் தெருவைக் குறுக்கே கடக்கிறது. பிளாட் போட்டவர்கள் ஓடையை மூடி, ஒன்றரை அடிக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கண்மாய் நிரம்பினால் அவ்வளவு தண்ணீருக்கும் அந்த ஒன்றரை அடிதான் வழி. அதனால் தண்ணீர் என் வீட்டு வாசலையும் இன்னொரு வழியாக வைத்துக்கொண்டது. குழாய்க்குப் பதிலாக ஒரு சிறுபாலம் வேண்டும் என்று 2018 அக்டோபரில் எழுந்து கேட்டேன். "நிதி நிலைமைக்கேற்பச் செய்து தரப்படும்" என்று தீர்மானம். அடுத்த வருடம் அதே வாக்கியம். 2020இல் கொரோனா என்று அக்டோபர் 2 கூட்டமே கடைசி நேரத்தில் ரத்து. அந்த வருடம் மட்டும் எனக்கு ஏமாற்றம் இல்லை.

இதில் என் மடத்தனமும் உண்டு. 'வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை' என்ற பொருளை அக்டோபர் 2 அன்று வாசிக்கிறார்கள். மழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். பதினெட்டு நாளில் யார் பாலம் கட்டுவார்கள்? கொசு மருந்து அடிக்கலாம், பிளீச்சிங் பவுடர் போடலாம், அதைச் செய்கிறார்கள். 2022இல் கூட்டங்களை நான்கிலிருந்து ஆறாக்கியபோது நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் சேர்ந்தது. 2023இல் என் கோரிக்கையை மார்ச்சில் வைத்தேன். மே மாதம் ஒருவர் டேப்போடு வந்து அளந்து போனார். இத்தனை வருடத்தில் பாலம் அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருக்கிறது. மழைக்கான வேலையை மார்ச்சில் கேளுங்கள். இதைச் சொல்லித்தர எனக்கு யாரும் இல்லை.

சரி, நல்லதும் சொல்ல வேண்டும். சின்ன வேலைகளுக்கு இதைப் போல் இடம் கிடையாது. தெருவிளக்குக்காக நான் மூன்று முறை போனில் சொல்லி நடக்காதது, நவம்பர் 1 அன்று அதே அப்பத்தா மைக்கே இல்லாமல், "இருட்டுல நாய் எது மனுசன் எதுன்னு தெரியலய்யா" என்று கத்தியதும் சாயங்காலமே நடந்தது. டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார் என்ற சண்டை எங்கள் ஊரில் இரண்டு வருடம் ஓடியது. ஊர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த மனிதர் பக்கமும் நியாயம் இருந்தது, மோட்டார் ஓடவே கரண்ட் இல்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளாட்சி தினத்தில் தூய்மைக் காவலர்களுக்குத் துண்டு போர்த்துவார்கள். என் தெருவில் குப்பை வாங்கும் அக்காவின் பெயர் எனக்குத் தெரிந்ததே அந்த மேடையில்தான். வெட்கமாக இருந்தது.

2024ஐச் சொல்லாமல் விட முடியாது. நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாள் என்பதால் கூட்டம் 23ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. அன்றைக்கு மதியம் மேலூர் பக்கத்திலிருந்து மச்சான் போன் செய்தார். அரிட்டாபட்டியிலும் சுற்று ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மத்திய அரசு விட்ட அந்தச் சுரங்க ஏலத்துக்குள் வந்திருந்தது. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனம் நடந்து வந்தது. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்தார்கள். கிராம சபைத் தீர்மானம் ஒன்றால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் இதே மாதிரிக் கோடு போட்ட நோட்டுதான். டெல்லி வரை போன நோட்டு, எங்கள் ஊரில் ஒன்றியம் வரைகூடப் போவதில்லை.

2025இல் காந்தி ஜெயந்தியன்று கூட்டம் இல்லை, அக்டோபர் 11க்கு மாற்றினார்கள். ஊருக்கு மூன்று முக்கியத் தேவைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சுடுகாட்டுப் பாதை, அங்கன்வாடிக் கூரை இரண்டுக்கும் யாரும் எதிர்ப்பில்லை, நானும் கை தூக்கினேன். மூன்றாவதுக்கு என் சிறுபாலமும் கீழத்தெரு நாடக மேடையும் போட்டி. மேடைக்கு முப்பது கை. பாலத்துக்கு நாலு கை, அதில் ஒன்று அப்பத்தாவுடையது. பிளாட் பகுதியில் நூற்றுச் சொச்சம் வீடு இருக்கிறது. அன்று வந்தது நான் ஒருவன். கேள்வி கேட்ட நண்பர் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஆக, நண்பருக்கு என் பதில்: போக வேண்டாம். ஒரு விடுமுறை நாளைக் கொடுக்கிற அளவுக்கு அது தேறாது. ஐந்துக்கு ஒன்றரை மார்க், அந்த அரையும் டீக்கு. நான் நவம்பர் 1 போவேன், அது வேறு கணக்கு. மார்ச் 22க்கும் போவேன்.

இதையெல்லாம் படித்த பிறகும் வந்தே தீருவேன் என்றால் வீட்டிலிருந்து பேனா கொண்டுவரவும். நோட்டோடு கட்டியிருக்கும் பேனா எழுதாது.