ஒன்பது வருசக் காப்புறுதியும் ஒரு பென்சில் புள்ளடியும்

கல்லடியில் இருக்கும் மச்சானுக்கு வருகிற ஆவணியில் 60 முடிகிறது. தனியார் கம்பனி வேலை. வேலை முடிகிற அன்றோடு ஒபிஸ் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதியும் முடிந்துவிடும். முந்தநாள் போன் எடுத்து, "அத்தான், நீங்க ஒன்பது வருசமாக் கட்டுறீங்கதானே, நானும் ஒண்டு எடுக்கவா?" என்று கேட்டார். கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆறுதலாகச் சொல்லவேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லது. 2019 மாரியில் எனக்கு டெங்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஏழு நாள் கிடந்தேன். வாட்டில் ஒரு சதம் செலவில்லை. ஆனால் மனுசி காலையும் பின்னேரமும் ஓட்டோவில் வந்துபோனது, இளநீர், வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனை, வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம், இதற்கெல்லாம் யார் தருவார்? என் பொலிசியில் அரசாங்க வைத்தியசாலையில் படுத்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று உண்டு. என்ன வருத்தம் என்று வைத்தியசாலை எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்டைக் கொடுத்தேன், இரண்டு கிழமையில் காசு கணக்குக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் கம்பனியைக் கும்பிட்டேன்.

போன வருசம் கொழும்பில் மகன் வீட்டில் நிற்கும்போது நெஞ்சு நோ. அங்கேயே தனியார் வைத்தியசாலையில் அஞ்சியோகிராம், இருதயக் குழாய்ப் பரிசோதனை. கிளெயிம் போட்டேன், மறுத்துவிட்டார்கள். பொலிசி எடுக்க முன்னமே எனக்குப் பிரஷர் இருந்ததாம், விண்ணப்பத்தில் மறைத்தேனாம். ஆதாரம் நானே இணைத்த கிளினிக் கொப்பியின் பிரதி. முதல் பக்கத்தில் திகதி 2014. பொலிசி 2016.

மறைத்தது யார்? ஏஜென்டாக வந்தவர் தெரிந்த பிள்ளை. விளக்கு வைக்கிற நேரம், விறாந்தையில் இருந்து இங்கிலீசுப் படிவத்தை அவரே நிரப்பினார். "அங்கிள், பிரஷர் ஆருக்குத்தான் இல்ல? எழுதினா மெடிக்கல் கேப்பாங்க, இழுபடும்" என்றார். நோய்க் கேள்வி எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் 'இல்லை'. நான் ஒப்பமிட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி போட்டுத் தந்தார். புள்ளடி இருந்த இடமெல்லாம் கையொப்பம் வைத்தேன். கம்பனி அனுப்பிய பிரதியில் இன்னும் அந்தப் புள்ளடிகள் மங்கலாகத் தெரிகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கையொப்பம் என்னுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். காப்புறுதியே இருபக்கமும் உண்மை சொல்வதில்தான் நிற்கிறது. ஆனால் எட்டு வருசம் தவணையை வாங்கும்போது ஒருவரும் கிளினிக் கொப்பி கேட்கவில்லையே! கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டேன், பதில் அதேதான். அடுத்தது காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவது. கடிதம் பாதியில் நிற்கிறது.

மச்சானுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அவருடைய மனைவி அரசாங்க ஆசிரியை. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அரசாங்க ஊழியருக்கு நடத்துகிற 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியில் கணவனும் சேர்த்தி. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்படுகிற காசு, வீட்டில் ஒருவரும் அதைப் பேசுவதில்லை. எதற்கெல்லாம் தருவார்கள், அவ பென்சனில் போனபிறகு எப்படி என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்றதை யோசிக்கலாம். எங்களைப் போல ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை ஒரேதடவையில் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

60 வயதில் புதிதாக எடுத்தால் தவணை கூட. இருக்கிற வருத்தத்துக்கு ஒன்றில் தரமாட்டார்கள், அல்லது வருசக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். என்னுடையதில் வைத்தியசாலைப் பகுதி 65 வயதோடு நின்றுவிடும். வருத்தம் வருகிற வயதில்தான் கதவைச் சாத்துகிறார்கள். எடுப்பதென்றால் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், மச்சான். மகளை வைத்து ஒவ்வொரு கேள்வியாக வாசியுங்கள். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். இழுபட்டால் இழுபடட்டும்.

என்னைக் கேட்டால் வேண்டாம். ஈபிஎஃப் காசில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போட்டு, வருத்தத்துக்கு மட்டும் என்று வைத்திருங்கள்.

நான் நிறுத்தவில்லை. இருதயத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பொலிசியைத் தொடர விட்டிருக்கிறார்கள். மாரி வரப்போகிறது, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. போன கிழமையும் தவணையைக் கட்டிவிட்டு வந்தேன்.