"ஒன் டைம் செட்டில்மென்ட்" என்று சொல்லிப் பாட்டை எழுதி வாங்குகிறார்கள், உஷார்!

சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி வெளியிட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, சினிமாவில் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத வெளியூர்ப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

நான், பெரியப்பா மகன், என் தங்கச்சி மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டு பண்ணினோம். வரிகள் நான் எழுதியது, மெட்டு அண்ணன் போட்டது, பாடியது தங்கச்சி. இன்ஸ்டாவில் ஒரு துண்டைப் போட்டதும், சாலிகிராமத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு ஆடியோ கம்பெனியிலிருந்து போன் வந்தது. "மதுரைப் பக்கம் இப்படி ஒரு குரலா தம்பி! புதுசா வர்றவங்களுக்காகத்தான் நாங்க கம்பெனியே நடத்துறோம்" என்றார் மேனேஜர். வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆபீஸுக்குப் போனால் நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று, அதோடு சேர்த்து ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக அக்ரிமென்ட். வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று அண்ணன் கேட்டான். "ரிலீஸ் டேட் ஃபிக்ஸ் ஆயிடுச்சு தம்பி. பெரிய பெரிய ஆளுங்களே இதே ஃபார்மட்லதான் சைன் பண்றாங்க" என்று பேனாவை நீட்டினார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே தடவையாக 15,000 ரூபாய், அதுதான் 'ஒன் டைம் செட்டில்மென்ட்'. அதிலும் 10,000-ஐ 'ப்ரமோஷன் செலவு' என்று அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

பாட்டு வெளிவந்தபோது இசை என்ற இடத்தில் கம்பெனி பெயர் இருந்தது, பாடலாசிரியர் இடம் காலியாக இருந்தது. கேட்டால் "அப்டேட் ஆகும்" என்பதே பதில். இன்று வரை ஆகவில்லை.

அந்த ப்ரமோஷன் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபையில் கலைஞருக்கான பக்கத்தில், எந்த ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். தங்கச்சி திறந்து பார்த்தால் முதலிடத்தில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நின்றது. மதுரை, சென்னை எல்லாம் கீழே எங்கோ கிடந்தன. ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம், ஆனால் பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பணம் கொடுத்து பாட் (bot, ஆள் இல்லாமல் தானாகப் பாட்டை ஓட்டும் புரோகிராம்) வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் போலி ஸ்ட்ரீம் என்று பாட்டே அங்கிருந்து தூக்கப்பட்டது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டோம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தங்கச்சி தபேலா, ஆர்மோனியம் மட்டும் வைத்து அதே பாட்டைப் பாடிய வீடியோவை அவளுடைய சேனலில் போட்டோம். அதற்கும் கம்பெனி பெயரில் காப்பிரைட் கிளைம் வந்தது. அந்த வீடியோவின் விளம்பர வருமானம் இப்போது அவர்களுக்குப் போகிறது. அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு வக்கீலைத் தேடிப் போனேன்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. 2012-ல் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தியபோதே (மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக அழுத்தமாகப் பேசியிருக்கிறார்) பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், உரிமையை வாங்கும் கம்பெனியோடு, ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துவதால் வரும் பணத்தில்) சமபங்கு என்று எழுதிவிட்டார்கள். சினிமாவில் வராத தனிப்பாட்டுக்கும் அது உண்டு. அந்த உரிமையை வாரிசுகளுக்கோ, ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. மீறி எழுதி வாங்கினால் அந்த ஷரத்து செல்லாது. 18-வது பிரிவு. எங்கள் அக்ரிமென்டில் இருக்கும் "இனி எந்த ராயல்டியும் கோர மாட்டோம்" என்ற வரி அந்த வகைதான். பாடியவருக்கு 38B பிரிவில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. இது தெரிந்த கம்பெனிக்காரர்கள், தெரியாத பிள்ளைகளாகப் பார்த்துத் தேடி வருகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அக்ரிமென்டில் முதலில் காலத்தையும் இடத்தையும் பாருங்கள். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும்" என்று எழுதி வாங்குகிறார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாஸ்டர் ரெக்கார்டிங்கை (பாடிப் பதிவு செய்த ஒலியை) மட்டும் கொடுக்கிறீர்களா, வரியும் மெட்டும் சேர்த்தா என்பதைத் தெளிவாக எழுத வையுங்கள். எங்களை மாட்டியது அதுதான்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் பாட்டை ஏற்றக் கம்பெனியே தேவையில்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி சேவைகளில் சந்தா கட்டி நீங்களே ஏற்றலாம், உரிமை உங்களிடமே இருக்கும். சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "பிளேலிஸ்டில் சேர்க்கிறேன், இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் கியாரண்டி" என்று காசு கேட்பவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் காசே கிடையாது என்று 2024-லிருந்து விதி. அந்த பயத்தை வைத்துத்தான் இவர்கள் வியாபாரம் பண்ணுகிறார்கள்.

எழுதுகிறவர்களும் இசையமைப்பவர்களும் ஐ.பி.ஆர்.எஸ். (IPRS) என்ற, ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்கள். பாடகர்களுக்கு அதே மாதிரி இஸாம்ரா (ISAMRA) என்ற சங்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பே சேர்ந்துவிட்டால், வந்து உட்காரும் கம்பெனிக்காரர் பேசும் தோரணையே மாறும்.

எங்கள் தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. கிளைமையும் யூடியூபில் டிஸ்ப்யூட் செய்திருக்கிறோம். இதே மாதிரி 15,000 பேசி 10,000 பிடித்துக்கொண்ட அக்ரிமென்டில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அக்ரிமென்ட், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். சேர்ந்தே கேஸ் போடலாம் என்று வக்கீல் சொல்கிறார்.