ஜிஐ பைப்போடு காப்பர் பைப்: எந்த இணைப்பு தாங்கும்?

பழைய வீடுகளில் லைன் முழுக்க ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். கீசருக்கோ சோலார் ஹீட்டருக்கோ போகும் துண்டு மட்டும் காப்பர். இரண்டும் சேரும் மரையில்தான் கசிவு ஆரம்பிக்கும். துத்தநாகமும் இரும்பும் செம்பைத் தொட்டபடி நனைந்தால் பேட்டரி மாதிரி ஆகி, ஜிஐ பக்கம் அரிக்கும். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் இல்லை, கனமும் குறைவு. உப்பு கூடிய போர்வெல் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

நேரடியாக முடுக்குவது: செலவு குறைவு, ஆனால் வேண்டவே வேண்டாம். அதிலும் நீளமான காப்பர் லைன் நடுவே சின்ன ஜிஐ நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டைப் பைப்) போடுவது படுமோசம். அத்தனை செம்புக்கும் ஈடுகொடுத்து அந்தத் துண்டு ஒன்றே கரைய வேண்டும்.

பித்தளை நிப்பிள்: அரிப்பை நிறுத்தாது, மட்டுப்படுத்தும். பித்தளையும் செம்புக் கலவைதானே. ஆறு அங்குல நீளமாவது இருந்தால் காப்பர், ஜிஐயிலிருந்து தள்ளி நிற்கும். சூட்டைத் தாங்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

டைஎலக்ட்ரிக் யூனியன்: ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் பித்தளை, நடுவில் மின்சாரம் கடக்காமல் தடுக்க ரப்பர் வாஷரும் பிளாஸ்டிக் வளையமும். முதலில் நட்டைக் காப்பர் பைப்பில் கோத்துக்கொண்டு, பித்தளைப் பகுதியைப் பற்றவைத்து, ஆறிய பிறகுதான் வாஷர் போட வேண்டும். இல்லாவிட்டால் வாஷர் கருகிவிடும். தண்ணீர் விடும் முன் இரு பக்கமும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் மின்சாரம் கடக்கிறது, வளையம் சரியாக உட்காரவில்லை. வெந்நீர் லைனில் வாஷர் நாளடைவில் இறுகிச் சொட்டும், மாற்ற வேண்டிவரும். கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

நடுவில் சிபிவிசி (ஓரளவு சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்): குளிர்நீர் பக்கத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. இரு முனையிலும் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங், நடுவில் ஓரடி சிபிவிசி. செம்பும் ஜிஐயும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வெறும் பிளாஸ்டிக் உள்மரைக்குள் ஜிஐயை முடுக்காதீர்கள். ஜிஐ மரை கூம்பாக இருப்பதால் முடுக்க முடுக்க ஆப்பு அடித்தது போல் விரிந்து வெடிக்கும். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே ஆறேழு சுற்று சுற்றி, கையால் இறுக்கி, பிறகு ரென்ச்சால் ஒன்றரைச் சுற்று போதும். காப்பர் பற்றவைக்கும் வேலையை முன்பே முடித்துவிடுங்கள். சோலார் ஹீட்டரின் வெந்நீர் வாயில் மட்டும் சிபிவிசி ஆகாது. கோடையில் 82 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே பித்தளை நிப்பிள்தான்.

எந்த இணைப்பானாலும் தண்ணீர் ஜிஐயிலிருந்து காப்பருக்குப் போக வேண்டும். காப்பர் முன்னால் இருந்தால், கரைந்து வரும் செம்பு ஜிஐ உட்சுவரில் படிந்து குழிகுழியாக அரிக்கும். அதை எந்த யூனியனும் தடுக்காது. ஆகவே காப்பர் வழி வரும் வெந்நீரைப் பழைய ஜிஐ லைனில் திரும்ப விடாமல், அந்தப் பகுதியையே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: சில பழைய வீடுகளில் எர்த் ஒயரை ஜிஐ பைப்பில் கட்டியிருப்பார்கள். யூனியனோ சிபிவிசியோ நடுவில் வந்தால் அந்த எர்த் அறுந்துபோகும். பைப்பை வெட்டும் முன் எலக்ட்ரீசியனை வைத்துத் தனி எர்த் போட்டுவிடுங்கள்.