பிரஜாவுரிமைப் பத்திரங்களை எந்தக் கோப்பு முறைமையில் வைப்பது?

ஹட்டனில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, தோட்டத் தொழிலாளரின் லயங்களில் (வரிசை வீடுகளில்) கிடைக்கும் பழைய கடிதங்களையும் பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து காக்கிறோம். இந்திய வம்சாவளித் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் ஒரு பாட்டி கொடுத்த விண்ணப்பம் அவற்றில் ஒன்று. புதிய வன்தட்டுக்கு மாற்றிய பிறகு அந்தப் படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகத் திறந்தது. தட்டு எந்தப் பிழையும் சொல்லவில்லை. மாதந்தோறும் மேலெழுதும் காப்புப் பிரதியிலும் அதே சாம்பல். மூலத் தாளையோ கரையான் தின்றுவிட்டிருந்தது.

வன்தட்டு சில வேளை எழுதாமலே ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் தரும். அங்கே பழைய தரவு கிடக்கும். தட்டின் உள் பிழைத்திருத்தக் குறியீடும் அதற்குப் பொருந்தும். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் இன்றைய நிறையைக் கணக்கப்பிள்ளை பதியாவிட்டாலும் நேற்றைய பக்கம் நேற்றைய கூட்டுத்தொகையோடு பிசகாமல் ஒத்துப்போகும். கொழுந்து பறித்தவர் கையில் தனித் துண்டு இருந்தால்தான் பிடிபடும். ஆகவே செக்சம் (தரவு மாறியதா என்று பார்க்க அதிலிருந்தே கணக்கிடும் சிறு எண்) தரவோடு ஒட்டாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். தரவு இப்படிச் சத்தமில்லாமல் கெடுவது அரிய விபத்தும் அல்ல: 15.3 லட்சம் தட்டுகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் முரண்பாடுகளைக் கண்டது.

தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பது கோப்பு முறைமை. நாங்கள் வைத்திருந்தது லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4. அது தன் உள்விவரங்களுக்கு (கோப்பின் பெயர், இடம் போன்றவற்றுக்கு) மட்டுமே செக்சம் வைக்கும், கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைக்காது. இரண்டு தட்டுகளில் லினக்ஸின் மென்பொருள் ரெயிட் 1 (ஒரே தரவை இரண்டு தட்டுகளிலும் வைக்கும் முறை) அமைத்தாலும், பிரதிகள் முரண்பட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. திருத்தச் சொன்னால் ஒன்றை மற்றதன்மேல் எழுதிவிடும். அழிவது நல்ல பிரதியாகவும் இருக்கலாம். மடிக்கணினி மட்டுமே உள்ளவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 என்ற முறையில் கணக்கிட்ட செக்சம் பட்டியலாவது வைத்திருங்கள். ஆனால் நகலெடுத்த கையோடு சரிபார்த்தால் கணினி தட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே படித்துவிடக்கூடும். தட்டைக் கழற்றி மாட்டிய பிறகு சரிபாருங்கள்.

2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, ஒவ்வொரு தரவுத் தொகுதியின் செக்சமையும் அதைச் சுட்டும் மேல்தொகுதியில் வைக்கிறது. இஎக்ஸ்டி4, இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய மூன்றில் என் மதிப்பில் இதுவே சிறந்தது. ஆனால் உரிமச் சிக்கலால் லினக்ஸின் மைய மென்பொருளான கருவுக்கு (கெர்னல்) வெளியே நிற்கிறது. கருவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கவனிக்க ஆள் வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

பிடிஆர்எஃப்எஸ் 2009 முதல் கருவிலேயே இருக்கிறது. செக்சமைத் தனி மரத்தில் வைக்கும். ரெயிட் 1இல் நல்ல பிரதியைக் கொண்டு கெட்டதைத் திருத்தும். அதன் ரெயிட் 5, 6 (தரவைப் பல தட்டுகளில் பிரித்து வைக்கும் முறைகள்) பக்கம் மட்டும் போகாதீர்கள். இதையே தேர்ந்தெடுத்தோம். ஒற்றைத் தட்டில்கூட இது கெட்ட கோப்பைத் தராமல் பிழை சொல்லும். அன்றே இது இருந்திருந்தால், படத்தைப் படிக்க முடியாமல் பிழை வந்திருக்கும். கெட்ட படம் காப்புப் பிரதியின்மேல் ஏறாமல், முந்தைய மாதப் பிரதியில் பாட்டியின் கைநாட்டு அப்படியே தங்கியிருக்கும்.